6/24 அடிச்ச ஆளுக்கு எம்விபியா? – வாசகர் கேள்வி பதில்

ரெண்டு இதழுக்கு முன்னாடி ஒரு வாசகர் "பெரிய டிஃபென்ஸ் வந்தா கோபி பிரையன்ட் சுருண்டுடுவாரு, சரிதானே?"ன்னு கேட்டிருந்தாரு. நான் "பாதி சரி"ன்னு ஒரே வரில சொல்லிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிட்டேன். அது தப்பாப் போச்சு. அன்னைலேருந்து வர்ற மெயில் எல்லாம் அந்தப் பாதி எந்தப் பாதின்னு கேட்டுத்தான். நம்ம ப்ரூஃப் பாக்கறவரு வேற "யாருப்பா இந்த கோபி, கோபிசெட்டிபாளையத்து ஆளா?"ன்னு கேட்டாரு. இல்லீங்க, அமெரிக்காவோட என்பிஏ பாஸ்கெட்பால் லீக்ல லேக்கர்ஸ் டீமுக்கு ஆடின ஸ்டார். டிஃபென்ஸ்னா எதிராளிய கூடைல போட விடாம தடுக்கற ஆட்டம். அதனால இந்த வாரம் முழுக்க பாஸ்கெட்பால்தான், சினிமா கேள்வி அனுப்பினவங்க கோவிச்சுக்காதீங்க.

ஒரு செல்டிக்ஸ் ரசிகர், சென்னை: அண்ணே, 2010 ஃபைனல்ஸ் ஏழாவது மேட்ச்ல கோபி 24 ஷாட் போட்டான், 6 தான் உள்ள போச்சு. எங்க தெருப் பசங்களே இதவிட நல்லா போடுவாங்க. அவனுக்குப் போய் ஃபைனல்ஸ் எம்விபி (தொடரோட சிறந்த ஆட்டக்காரர் விருது) குடுத்தது நியாயமா?

தெருப் பசங்களுக்கு எதிர்ல உங்க செல்டிக்ஸோட கெவின் கார்னெட் நிக்கறதில்ல தம்பி.

ஆனா உன் கோவம் எனக்குப் புரியுது, ஏன்னா நானும் அன்னைக்கு அதேதான் சொன்னேன். அமெரிக்கால 2010 ஜூன் 17 ராத்திரி மேட்ச், நமக்கு வெள்ளிக்கிழமை காலைல. லைவ் பாக்க வழியில்ல, ஆபீஸ் போய் கம்ப்யூட்டர ஆன் பண்ணி ஸ்கோர மட்டும் பார்த்தேன். லேக்கர்ஸ் 83, பாஸ்டன் செல்டிக்ஸ் 79, கோபி 6/24. பக்கத்து சீட்டுக்காரர்ட்ட திரும்பி "கப்பு அவரோடது, மேட்ச் மத்தவங்களோடது"ன்னு ஏதோ பெரிய மேதாவி மாதிரி சொன்னேன். பல மாசம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை அந்த மேட்ச முழுசா உக்காந்து பார்த்தப்புறம், சொன்னதுல பாதிய வாபஸ் வாங்க வேண்டியதாப் போச்சு.

என்னன்னா, அன்னைக்கு லேக்கர்ஸ் டீமே மொத்தமா 83 ஷாட்டுக்கு 27 தான் போட்டுது, 32.5 சதவீதம். செல்டிக்ஸ் 71க்கு 29, அதாவது 40.8. ஷூட்டிங்க மட்டும் பார்த்தா லேக்கர்ஸ் தோத்திருக்கணும். அப்புறம் எப்படி ஜெயிச்சாங்க? போட்டு வெளிய வந்த பந்த திரும்ப எடுத்தாங்க, தாக்குதல் பக்கத்துல மட்டும் 23 ரீபவுண்ட், செல்டிக்ஸுக்கு 8. எதிராளி ஃபவுல் பண்ணினா தடுக்க ஆள் இல்லாம போடக் கிடைக்கற ஃப்ரீ த்ரோ 37 கிடைச்சுது, செல்டிக்ஸுக்கு 17. இந்த ரெண்டுலயும் கோபி இருக்காரு, 15 ரீபவுண்ட் எடுத்தாரு, 15 ஃப்ரீ த்ரோ வாங்கி 11 போட்டாரு. ஷாட் விழாத நாள்ல ஒரு கார்ட் (கூடைக்குத் தள்ளி வெளிய நின்னு ஆடறவரு) 15 ரீபவுண்ட் எடுக்கறது சும்மா இல்ல, ஆறரை அடிதான் ஆளு, உள்ள நிக்கறவன் எல்லாம் அவரவிட நாலஞ்சு இன்ச் ஒசரம்.

மூணாவது குவார்ட்டர்ல 13 பாயிண்ட் பின்னாடி இருந்த டீம் அது. கடைசி ஒரு நிமிஷத்துல பந்து கோபி கைல இருக்கு, ஊரே அவர்தான் போடப் போறாருன்னு நினைக்குது, அவரு ரான் ஆர்டெஸ்ட்டுக்கு பாஸ் குடுத்தாரு, ஆர்டெஸ்ட் த்ரீ பாயின்டர் போட்டாரு. அந்த மேட்ச்ல ஆர்டெஸ்ட் 20 பாயிண்ட், பாவ் கசோல் 19 பாயிண்ட் 18 ரீபவுண்ட்.

இப்ப உன் பக்கமும் கொஞ்சம் வர்றேன். அந்த 24ல சில ஷாட் அநியாயம். ரெண்டு பேர் மேல விழுந்து நிக்கறப்ப பின்னால சாஞ்சு போட்ட ஃபேட்அவே, கசோல் கைய நீட்டிட்டு சும்மா நிக்கறாரு. அது டிஃபென்ஸ் செஞ்சது இல்ல, கோபி தனக்குத்தானே செஞ்சுகிட்டது. அதோட ஆறாவது மேட்ச்ல செல்டிக்ஸோட கென்ட்ரிக் பெர்கின்ஸ் முட்டி போயி ஏழாவதுக்கு இறங்கவே இல்ல, அந்த 23 ரீபவுண்டுல அதுக்கும் பங்கு இருக்கு. எம்விபி ஒரு மேட்ச்சுக்கு இல்ல, ஏழு மேட்ச்சுக்கு, ஏழுலயும் சேர்த்து சராசரி 28.6 பாயிண்ட், 8 ரீபவுண்ட். கசோலுக்குக் குடுத்திருந்தாலும் நான் சண்டைக்குப் போயிருக்க மாட்டேன். கோபிக்குக் குடுத்ததும் அநியாயம் இல்ல.

பேர் போட வேண்டாம்னு எழுதியவர், கோவை: 2008ல அதே பாஸ்டன்கிட்ட கோபி கோட்டை விட்டாரு, 2010ல பழி தீர்த்தாருன்னு எல்லாரும் சொல்றாங்க. ரெண்டு வருஷத்துல அப்படி என்ன மாறிச்சு?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்துட்டிருந்தேன்.

2008 ஃபைனல்ஸ்ல கோபி ஆறு மேட்ச்ல 131 ஷாட்டுக்கு 53. சதவீதம் 40.5. 2010 ஃபைனல்ஸ்ல ஏழு மேட்ச்ல 163க்கு 66. கால்குலேட்டர் எடுங்க, அதுவும் 40.5. புள்ளி கூட மாறல! ஒண்ண கோட்டை விட்டதுங்கறோம், இன்னொன்ன பழி தீர்த்ததுங்கறோம், பந்து கூடைல விழுந்த கணக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

அப்ப மாறினது என்ன? ஒண்ணு, கூட ஆடினவங்க. 2008ல ஆண்ட்ரூ பைனம் காயத்துல உக்காந்திருந்தாரு, கசோல் டீமுக்கு வந்தே அஞ்சு மாசம் ஆகல, பாஸ்டன் ஆளுங்க அவர உள்ள தள்ளித் தள்ளி மெலிஞ்ச ஆளுன்னு பேர் வாங்கிக் குடுத்துட்டாங்க. 2010ல பைனம் முட்டி வீங்கிப் போயாவது ஆடினாரு, கசோல் வேற ஆளா இருந்தாரு, பால் பியர்ஸ பிடிக்க ஆர்டெஸ்ட் வந்துட்டாரு. இதெல்லாம் கோபி கணக்குல வராது. ரெண்டாவது, கோபியே செஞ்ச மாற்றம், ஷாட்டுக்கு வெளிய. 2008ல 4.7 ரீபவுண்ட், 2010ல 8. அசிஸ்ட் (கூட ஆடறவன கூடைல போட வெக்கற பாஸ்) பார்த்தா தலைகீழ், 5லேருந்து 3.9க்கு இறங்கிடுச்சு, அதையும் மறைக்கக் கூடாது.

2008ல நிஜமாவே மோசம்னா அது நாலாவது மேட்ச்தான். சொந்த ஊர்ல 24 பாயிண்ட் முன்னாடி இருந்த டீம், கடைசில தோத்துச்சு, கோபி 6/19, 17 பாயிண்ட். ஆறாவது மேட்ச் 131-92, அதப் பத்தி பேசறதுக்கு ஒண்ணும் இல்ல, அது மேட்ச்சே இல்ல.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன், தூக்கம் வராத ராத்திரில. 2010ல 66க்கு பதிலா 73 விழுந்திருந்தா 44.8 சதவீதம், "ஆஹா பிரமாதம்"னு சொல்லியிருப்போம். வித்தியாசம் ஏழு ஷாட், ஏழு மேட்ச், மேட்ச்சுக்கு ஒண்ணு. ரிம்ல பட்டு உள்ள விழறதா வெளிய போறதான்னு சுத்திட்டு நிக்கற ஒரே ஒரு பந்து, அத வெச்சுத்தான் நாம ஒருத்தன வீரன் கோழைன்னு பிரிக்கிறோம்.

கிரிக்கெட் ஆளு, மதுரை: சார், நான் இத கிரிக்கெட் மாதிரி பாக்கறேன். சேப்பாக்கத்துல பந்து சுத்தற நாள்ல 40 ரன் அடிச்சவன, ஃப்ளாட் பிட்ச்ல 100 அடிச்சவனோட சேர்த்து வெக்கக் கூடாது. கோபியையும் அப்படித்தானே பாக்கணும்?

பாதிதான் சரி. (திரும்பவும் பாதியா, ஆமா.)

பிட்ச் மோசம்னு யாரு வேணா சொல்லலாம். அத நிரூபிக்க ஒரே வழி, அதே பிட்ச்ல எதிர்முனைல நின்ன ஆளு என்ன அடிச்சான்னு பாக்கறது. அவனும் தடுமாறினா பிட்ச் மோசம், அவன் மட்டும் ஜாலியா அடிச்சிருந்தா குறை வேற எங்கயோ.

இந்த டெஸ்ட்ட 2004 ஃபைனல்ஸ்ல வெச்சா கோபி ஃபெயில், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. டெட்ராய்ட் பிஸ்டன்ஸ், லாரி பிரவுன் கோச், உள்ள பென் வாலஸ், பிப்ரவரில வந்து சேர்ந்த ரஷீத் வாலஸ், கோபி மேல டேஷான் பிரின்ஸ், கை ரெண்டும் முட்டிக்குக் கீழ தொங்கற மாதிரி நீளம். எந்தக் காலத்துலயும் நல்ல டிஃபென்ஸ்னு பேர் சொல்ற டீம். கோபி 113 ஷாட்டுக்கு 43, 38 சதவீதம், த்ரீ பாயின்டர் 23க்கு 4. "பிஸ்டன்ஸுக்கு எதிரா யாரு அடிப்பாங்க?"ன்னு கேட்டா, பக்கத்துல நின்ன ஷாக்கில் ஓ'நீல் 84 ஷாட்டுக்கு 53 போட்டாரு, 63 சதவீதம். அதே பிட்ச், அதே பவுலர்!

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, அத சொல்லாம விட்டா கோபிக்கு அநியாயம். பிஸ்டன்ஸ் ஷாக்க ரெண்டு பேர் வெச்சு அமுக்கல, பென் வாலஸ ஒத்தைல விட்டுட்டு மத்த நாலு பேரும் வெளிய நிக்கறவங்கள ஒட்டிகிட்டாங்க. ஷாக் அடிச்சா அடிக்கட்டும், மத்தவன் எவனும் அடிக்கக் கூடாதுங்கறது பிளான். அதனால ஷாக்கோட 63ம் டிஃபென்ஸ் குடுத்ததுதான், கோபியோட 38ம் டிஃபென்ஸ் குடுத்ததுதான். சரி, ஒத்துக்கறேன். ஆனா கதவ தொறந்து வெச்சிருக்கான்னு தெரிஞ்சா அந்த வழியாதானே போகணும்? 84 ஷாட் போட்டவரு ஷாக், 113 போட்டவரு கோபி. மூடின கதவுல முட்டிக்கிட்டே இருந்தாரு. எதிரி எனக்கு வெச்ச பொறி இதுன்னு தெரிஞ்சும் அதுலயே கால வெக்கறது டிஃபென்ஸோட திறமையா ஸ்டாரோட பிடிவாதமா? ரெண்டுந்தான், ஆனா பிடிவாதத்துக்குப் பங்கு ஜாஸ்தி.

ரெண்டாவது மேட்ச்ல தோக்கற நேரத்துல த்ரீ போட்டு ஓவர்டைமுக்கு இழுத்து ஜெயிக்க வெச்சாரு, 33 பாயிண்ட். லேக்கர்ஸ் ஜெயிச்சது அது ஒண்ணுதான். அந்த ஒரு ஷாட் அவருக்கு "இதான் வழி"ன்னு தோண வெச்சிருச்சோன்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அடுத்த மேட்ச் 88-68ன்னு போச்சு, கோபி 11 பாயிண்ட். கார்ல் மலோன் முட்டி போயிருந்தது, கேரி பேட்டனுக்கு வயசாயிடுச்சு, அதெல்லாம் உண்மை. இருந்தாலும் இந்தத் தொடர் அவரோட பேர்லதான் எழுதணும்.

இன்ஜினியரிங் மாணவர், ஈரோடு: ஷூட்டிங் சதவீதம் பாக்கக் கூடாதுன்னா வேற எந்த நம்பர பாக்கறது?

பாக்கக் கூடாதுன்னு சொல்லல, அத மட்டும் பாக்காதன்னு சொல்றேன். ட்ரூ ஷூட்டிங்னு ஒண்ணு இருக்கு, சின்ன கணக்குதான். போட்ட ஷாட்டோட எண்ணிக்கை, அதோட ஃப்ரீ த்ரோ எண்ணிக்கைய 0.44ஆல பெருக்கிக் கூட்டு, வந்தத ரெண்டால பெருக்கு, அதால பாயிண்ட்ட வகுத்துடு. 0.44 எங்கேருந்துன்னா, ஃப்ரீ த்ரோ எப்பவும் ஜோடி ஜோடியா வராது, கூடைல போட்டுட்டு கூட ஒண்ணு கிடைக்கும், டெக்னிக்கலுக்கு ஒண்ணு கிடைக்கும், அதுக்காக பாதிக்குக் கொஞ்சம் கம்மி.

கோபியோட 6/24 மேட்ச்ச இதுல போடு. 23 பாயிண்ட், 24 ஷாட், 15 ஃப்ரீ த்ரோ. 37.6 சதவீதம் வரும். 6/24ங்கற 25 சதவீதம் 37.6 ஆயிடுச்சு, இன்னும் மோசந்தான், ஆனா ரெண்டும் ஒரே மோசம் இல்ல.

அடுத்து எதிர் டீமோட கணக்கு. நூறு தடவ பந்து கைமாறினா எத்தன பாயிண்ட் விடறாங்கங்கற டிஃபென்சிவ் ரேட்டிங். வெறும் "மேட்ச்சுக்கு இத்தன பாயிண்ட் விட்டாங்க"ன்னு பாக்காத, மெதுவா ஆடற டீம் எல்லாம் அதுல நல்ல டிஃபென்ஸ் மாதிரி தெரியும். 2010ல கோபி ஃபைனல்ஸுக்கு முந்தின தொடர்ல ஃபீனிக்ஸ் சன்ஸுக்கு எதிரா 33.7 சராசரி, 52 சதவீதம், 8.3 அசிஸ்ட், அடடா அடடான்னு அடிச்சாரு. சன்ஸ் ஓடி ஓடி பாயிண்ட் போடற டீம், டிஃபென்ஸ்ல சுமார். அடுத்த வாரமே பாஸ்டன் வந்ததும் 40.5. ஆளு மாறல, எதிர்ல நின்ன சுவர் மாறிச்சு.

ஒரு லெப்ரான் ரசிகை, கும்பகோணம்: அண்ணா, கோபிக்குன்னா இவ்ளோ சமாதானம் சொல்றீங்க, லெப்ரான்னா மட்டும் 2011ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுடறாங்க எல்லாரும். அது ஓரவஞ்சனை இல்லையா?

ஓரவஞ்சனைதாம்மா. நானும் செஞ்சிருக்கேன். இன்னைக்கு சரி பண்ணிக்கறேன், ஆனா 2011ல உனக்கு உதவ முடியாது, முன்னாடியே சொல்லிடறேன்.

முதல்ல ஒரே எதிரியோட ஒப்பிடலாம். 2008, அதே பாஸ்டன், அந்த வருஷம் லீக்லயே முதல் டிஃபென்ஸ், கார்னெட்டுக்கு சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரர் விருது. கோபி ஃபைனல்ஸ்ல 25.7 சராசரி, 40.5 சதவீதம். அதுக்கு ஒரு மாசம் முன்ன லெப்ரான் அதே டீமோட ஏழு மேட்ச் ஆடி 26.7 சராசரி, 35.5 சதவீதம். முதல் மேட்ச்ல 18க்கு 2, பத்து டர்னோவர் (பந்த எதிரிகிட்ட விட்டது), கண்ண மூடிக்கணும். ஏழாவது மேட்ச்ல 45 பாயிண்ட், அந்தப் பக்கம் பியர்ஸ் 41, பாஸ்டன் 97-92ன்னு தப்பிச்சுது. சதவீதத்த மட்டும் பார்த்தா கோபிதான் நல்லா ஆடினாரு. ஆனா கோபிக்கு கசோலும் லாமார் ஓடமும் இருந்தாங்க, லெப்ரானுக்குக் கூட நின்னவங்க பேர இப்ப சட்டுன்னு ரெண்டு சொல்லு பாப்போம். பாஸ்டன் மொத்த டீமும் அவர ஒருத்தர பாத்துக்கிட்டே நின்னுது, அந்த டீம ஏழாவது மேட்ச் வரைக்கும் இழுத்தாரு. நான் லெப்ரான் பக்கம்.

2015 ஃபைனல்ஸ எடு. கோல்டன் ஸ்டேட் அந்த வருஷம் முதல் டிஃபென்ஸ். கெவின் லவ் தோள்பட்டை போயி ஆடவே இல்ல, கைரி இர்விங் முதல் மேட்ச்லயே முட்டி எலும்பு உடைஞ்சு வெளிய. லெப்ரான் தனியா 35.8 பாயிண்ட், 13.3 ரீபவுண்ட், 8.8 அசிஸ்ட். சதவீதம் 39.8. கோபியோட 40.5க்கும் கீழ! அத வெச்சு மோசம்னு எவனாவது சொன்னா அவன் மேட்ச் பாக்கல. தோத்த டீம்ல இருந்தும் அவருக்கே எம்விபி குடுத்திருக்கலாம்னு இன்னைக்கும் நினைக்கறேன், ஆண்ட்ரே இகுவோடாலா வாங்கிட்டுப் போனாரு, வேலையே லெப்ரான பிடிக்கறதுதான்.

இப்ப 2011 ஃபைனல்ஸ். டல்லாஸுக்கு எதிரா லெப்ரானோட சதவீதம் எவ்ளோ தெரியுமா, 47.8. கோபி, லெப்ரான் ரெண்டு பேருக்கும் நான் மேல சொன்ன ஃபைனல்ஸ் சதவீதம் எல்லாத்தவிடவும் ஜாஸ்தி. சராசரி பாயிண்ட் 17.8. நாலாவது மேட்ச்ல கிட்டத்தட்ட முழு நேரமும் ஆடி 11 ஷாட், 8 பாயிண்ட், டீம் 86-83ன்னு தோத்துச்சு. டல்லாஸ் ஜோன் போட்டாங்க, அதாவது ஆளப் பிடிக்காம ஆளுக்கொரு இடத்தக் காத்தாங்க, ஷான் மரியன மேல விட்டாங்க, பின்னால டைசன் சாண்ட்லர் நின்னாரு. லெப்ரான் என்ன பண்ணாரு, வெளிய நின்னு பந்த வாங்கி பக்கத்துல குடுத்துட்டு ஒரு மூலைல நின்னுட்டாரு. தப்பான ஷாட் போட்டு கெடுக்கல, ஷாட்டே போடல. 2004ல கோபி மூடின கதவ முட்டினாரு, 2011ல லெப்ரான் கதவு கிட்டயே போகல. எது பெரிய தப்புன்னு என்னைக் கேட்டா ரெண்டாவதுதான், ஆனா அந்த 47.8ஐ பேப்பர்ல பாக்கறவனுக்கு அது தெரியவே தெரியாது.

சுருக்கமா கேட்பவர், சேலம்: ஜோர்டான் இப்படி எல்லாம் தடுமாறினதே இல்லையே?

யாரு சொன்னா? பிஸ்டன்ஸ்கிட்ட 1988, 89, 90ன்னு மூணு வருஷம் வரிசையா தோத்து வெளிய போனாரு. 1996 ஃபைனல்ஸ்ல சியாட்டிலுக்கு எதிரா 41.5 சதவீதம், நாலாவது மேட்ச்லேருந்து கேரி பேட்டன் மேல வந்து ஒட்டிகிட்டாரு. 1993ல நியூயார்க் நிக்ஸ், அந்த வருஷம் முதல் டிஃபென்ஸ், 32.2 சராசரி ஆனா 40 சதவீதம். அதுல மூணாவது மேட்ச்ல 18க்கு 3. மூணு! ஆனா 17 ஃப்ரீ த்ரோல 16 போட்டாரு, 11 அசிஸ்ட், அவரோட டீம் புல்ஸ் 20 பாயிண்ட்ல ஜெயிச்சுது. ஷாட் விழலன்னா மத்தவனுக்கு விழ வைக்கறதுன்னா இதுதான். அடுத்த மேட்ச்ல 54 அடிச்சாரு, அத எல்லாரும் சொல்வாங்க, எனக்கு 3/18தான் பிடிக்கும்.

புதுசா மேட்ச் பாக்க ஆரம்பிச்சவர், திருநெல்வேலி: நல்ல டிஃபென்ஸ், நல்ல டிஃபென்ஸ்னு சொல்றீங்க, நாலஞ்சு பேர் கைய தூக்கிட்டு நிக்கறதத் தவிர அதுல என்ன இருக்கு?

நல்லா கேட்டீங்க. 2001 வரைக்கும் என்பிஏல ஜோன் வெக்க விடமாட்டாங்க, அவனவன் ஆள அவனவன் பிடிக்கணும், உதவிக்கு வந்தா முழுசா வந்து ரெண்டு பேரா பிடி, இல்லாட்டி உன் ஆள்கிட்டயே நில்லு. அதனால ஸ்டாருக்கு ஒரு பக்கத்த காலி பண்ணிக் குடுத்துட்டு மத்தவன் எல்லாம் அந்தப் பக்கம் போய் நின்னுப்பாங்க. 2001-02 சீசன்ல இந்த விதிய எடுத்துட்டாங்க, ஆனா கூடைக்கு முன்னாடி இருக்கற பெயிண்ட்ங்கற கட்டத்துல யாரையும் பிடிக்காம மூணு செகண்டுக்கு மேல நிக்கக் கூடாதுன்னு ஒண்ணு போட்டாங்க.

பாஸ்டன்ல உதவி கோச்சா இருந்த டாம் திபோடோ அந்த மூணு செகண்ட வெச்சே ஒரு வித்தை பண்ணாரு. கோபி வலது பக்கம் பந்தோட நிக்கறாருன்னா, இடது பக்கத்து ஆள் ஒருத்தன் பெயிண்ட்டுக்குள்ள வந்து நிப்பான், ரெண்டரை செகண்ட் ஆனதும் வெளிய வந்துட்டு திரும்ப உள்ள. கோபி மேல ரே ஆலன் ஒருத்தர்தான் இருக்காரு, டபுள் டீம் இல்ல, பாஸ் குடுக்கவும் ஆள் காலியா இல்லாத மாதிரி தெரியும், உள்ள புகுந்தா கார்னெட். ஸ்கோர் ஷீட்ல "ரே ஆலன் பிடிச்சாரு"ன்னு இருக்கும், நிஜத்துல பிடிச்சது மூணு பேர். மிச்சம் என்ன, நடுத்தூர ஜம்ப் ஷாட், கை மூஞ்சில இருக்கறப்பவே. அதுதான் கோபிக்குப் பிடிச்ச ஷாட்டும் கூட, அதனால பாஸ்டன்காரங்க அத சந்தோஷமாக் குடுத்தாங்க, அவரும் சந்தோஷமா வாங்கிகிட்டாரு. அவரால பத்துக்கு நாலு போட முடிஞ்சுது, வேற எந்த கார்டா இருந்தாலும் மூணுதான் போயிருக்கும்னு என் கணிப்பு. அந்தப் பத்துல ரெண்ட எதிர்ப்பக்க மூலைக்கு வீசியிருந்தா இன்னும் நல்லாருந்திருக்கும், அதுவும் என் கணிப்புதான்.

இதோட ப்ளேஆஃப்ல, அதாவது ரெகுலர் சீசன் முடிஞ்சு வர்ற நாக்அவுட் தொடர்கள்ல, ஒரே டீமோட ஏழு மேட்ச் வரைக்கும். ரெகுலர் சீசன்ல இன்னைக்கு பாஸ்டன், நாளைக்கு வேற ஊரு, யாரும் உன்ன அவ்ளோ படிக்க மாட்டாங்க. ப்ளேஆஃப்ல நீ டிரிபிள் பண்றப்ப எந்தக் கால முன்னாடி வெக்கிறங்கறது வரைக்கும் அவங்களுக்குத் தெரியும்.

ஒரு இல்லத்தரசி, தஞ்சாவூர்: நான் டிம் டங்கன் கட்சி, எங்க வீட்டுக்காரர் கோபி கட்சி. டங்கன் இருந்த ஸ்பர்ஸ் டிஃபென்ஸ்ல கோபி ஒண்ணும் கிழிக்கலன்னு நான் சொல்றேன், அவரு சாப்பிடாமப் போயிட்டாரு. தீர்ப்பு சொல்லுங்க.

அவருக்கு சாப்பாடு போடுங்கம்மா, இந்தக் கேஸ்ல நீங்க தோத்தீங்க.

2001 மேற்குப் பிரிவு ஃபைனல்ஸ். ஸ்பர்ஸ் 58 மேட்ச் ஜெயிச்சு லீக்ல முதலிடம், டிஃபென்ஸ்லயும் முதலிடம், உள்ள டங்கன், பக்கத்துல டேவிட் ராபின்சன், ரெண்டு பேரும் ஏழடிக்காரங்க. கோபிக்கு அப்ப வயசு 22. அவங்க ஊர்லயே முதல் மேட்ச்ல 45 பாயிண்ட் 10 ரீபவுண்ட். அடுத்து 28, 36, 24. நாலே மேட்ச்ல தொடர் காலி, சராசரி 33, ஷாட் பாதிக்கு மேல உள்ள. மூணாவது நாலாவது மேட்ச் ஸ்கோர நான் எழுதல, நீங்க பாவம். சரி, எழுதிடறேன், 111-72, 111-82.

உங்களுக்கு ஒரு ஆறுதல் உண்டு. ஸ்பர்ஸோட கார்ட் டெரெக் ஆண்டர்சன் தோள்பட்டை அடிபட்டு முதல் ரெண்டு மேட்ச் ஆடல, அதனால கோபிய வெளியிலேயே நிறுத்த ஆள் இல்ல. அப்புறம் ஷாக் உள்ள நிக்கறப்ப டங்கனும் ராபின்சனும் கோபி பக்கம் திரும்பவே பயந்தாங்க. இத சாப்பாடு போட்டப்புறம் சொல்லுங்க. ஆனா "பெரிய டிஃபென்ஸ்னா கோபி சுருண்டுடுவாரு"ன்னு சொல்றவங்க இந்தத் தொடர ஏன் பேசறதே இல்லன்னு எனக்குப் புரியல, 2009 ஃபைனல்ஸையும் பேச மாட்டாங்க, டுவைட் ஹோவர்ட் இருந்த ஆர்லாண்டோ, அதுவும் அந்த வருஷத்து முதல் டிஃபென்ஸ், 32.4 சராசரி, 7.4 அசிஸ்ட்.

கோபியா லெப்ரானா, ஒரே வார்த்தைல சொல்லுங்க – ஏழு பேர் தனித்தனியா கேட்டிருக்காங்க

கசோல்.

பள்ளி டீம்ல ஆடற பையன், ஊர் எழுதல: அங்கிள், போன வாரம் மாவட்ட மேட்ச்ல 15 ஷாட்டுக்கு 2 தான் போட்டேன். எதிர் டீம்ல ரெண்டு பேர் என்னையே பிடிச்சாங்க. நாங்க மூணு பாயிண்ட்ல தோத்துட்டோம். மாஸ்டர் எல்லார் முன்னாடியும் திட்டிட்டாரு. நான் மோசமான பிளேயரா?

15க்கு 2ங்கறத வெச்சு எனக்கு ஒண்ணும் தெரியாது கண்ணா, உங்க மாஸ்டருக்கும் தெரிஞ்சிருக்காது. எனக்கு வேற விஷயம் வேணும். அந்த ரெண்டு பேரும் எப்ப உன்மேல வந்தாங்க, பந்து உன் கைக்கு வர்றதுக்கு முன்னாடியேவா, வந்து நீ ரெண்டு தடவ தட்டினப்புறமா? ரெண்டாவதுன்னா தப்பு கொஞ்சம் உன்கிட்ட, வாங்கின உடனே குடுத்திருக்கணும், ரெண்டாவது ஆள் கிளம்பி வர்ற அந்த நொடிதான் உன் டீம்ல ஒருத்தன் காலியா நிக்கற நொடி. அந்த 15ல எத்தன ஷாட் கடைசி குவார்ட்டர்ல? எத்தன தடவ உன் பாஸ்ல இன்னொருத்தன் ரிம் பக்கத்துல நின்னு போட்டு அதுவும் வெளிய போச்சு? அதெல்லாம் எந்த ஷீட்லயும் இருக்காது, உனக்குத்தான் ஞாபகம் இருக்கும். நீ எத்தன ரீபவுண்ட் எடுத்தன்னு எழுதவே இல்லயே, மறந்துட்டியா எடுக்கலயா?

ஸ்கோர் ஷீட் போட்டோ இருந்தா அனுப்பு, கூட ஆடினவங்க எத்தனைக்கு எத்தன போட்டாங்கன்னு பாக்கணும். அவங்களும் 15க்கு 2ன்னா மாஸ்டர்ட்ட நானே பேசறேன்.